வீட்டை விட்டுவிட்டு வந்த பேய்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மஸ்கட்டில் இன்னும் வெயில் அடங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இங்கே பத்து நாளாக மழைதான். ரப்பர் வெட்டே நடக்கவில்லை. பிளாஸ்டிக் கட்டிய மரங்களில்கூட சிரட்டையில் பாலைவிடத் தண்ணீர்தான் அதிகம் நிற்கிறது. அம்மைக்குக் கண்ணில் புரை எடுத்தாச்சு, இப்போது பேப்பர் வாசிக்கிறாள். கொண்டுபோன முதல் ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்காரவைத்துவிட்டு, மிஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. பிறகு வேறு இடத்தில் நல்லபடியாக முடிந்தது. உன்னை எப்போதும் கேட்பாள்.

வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து 'தி நன்' பேய்ப்படம் பார்க்கப்போவதாகவும், படம் எப்படி என்றும் கேட்டிருந்தாய். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் படத்தின்மேல் எனக்கு ஏழெட்டு வருஷமாக ஒரு வருத்தம் உண்டு, அதை ரெண்டு வரியில் சொல்லமுடியாது.

2016-இல் நீ லீவில் வந்தபோது 'கான்ஜுரிங்'கின் இரண்டாம் பாகத்தை நாகர்கோவிலில் சேர்ந்து பார்த்தோமே, அந்தப் பெயிண்டிங் காட்சி உனக்கு மறந்திருக்காது. இருட்டு அறையில் லொரெய்ன் நிற்கிறாள், பேய் விசாரிக்கப் போகும் எட்டின் பெண்டாட்டி. சுவரில் அந்த கன்னியாஸ்திரீயின் நிழல் மட்டும் தனியாக நடந்து போகிறது. மாட்டியிருக்கும் படத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறது. இப்போது படத்தில் இருக்கும் முகம் பெயிண்டா, உண்மையாகவே ஆள் நிற்கிறதா என்று தெரியாது. அப்புறம் சட்டத்தின் ரெண்டு பக்கமும் விரல்கள் வந்து பிடிக்கும். தியேட்டரில் அன்று ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. நீ என் கையைப் பிடித்த பிடியில் வாட்ச் கண்ணாடி சதையில் பதிந்துவிட்டது.

இதில் ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த உருவம் முதலில் எழுதிய கதையிலேயே கிடையாதாம். கொம்பு வைத்த ஒரு பேயைத்தான் முதலில் எடுத்திருக்கிறார் ஜேம்ஸ் வான். மனசுக்குப் பிடிக்காமல், கடைசி நேரத்து மறுபடப்பிடிப்பில்தான் கன்னியாஸ்திரீ உருவத்தைக் கொண்டுவந்திருக்கிறார். படம் முழுக்க அது வருவதே கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் உலகமே பயந்தது. உடனே அதற்கென்றே தனிப்படம் ஒன்று. 2018 செப்டம்பரில் வந்தபோது முதல் நாளே போனேன். நீ பக்கத்தில் இல்லையே என்ற குறை மட்டும்தான் உள்ளே போகும்போது இருந்தது.

வெளியே வரும்போது மனசு விட்டுப்போச்சு மக்கா.

எனக்கு வயசாகிவிட்டதோ, அதனால்தான் பயம் வரவில்லையோ என்று அப்போது நினைத்தேன். போன வாரம் மழைக்கு லீவு விட்டு மகள் வீட்டில் இருந்தாள். மரச்சீனிக்கிழங்கு அவித்து, காந்தாரி மிளகு அரைத்து வைத்துக்கொண்டு, ரெண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். 'கான்ஜுரிங் 2' ஓடும்போது பாதியிலேயே காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டாள். தட்டில் கிழங்கு ஆறிப்போச்சு. "அப்பா, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று ரெண்டு தடவை கேட்டாள். அடுத்தது 'தி நன்'. சத்தம் வருகிற இடத்தில் எல்லாம் திடுக்கிட்டாள், சரிதான். ஆனால் அடுத்த நிமிஷமே கை கிழங்குக்குப் போனது. யாருக்கு என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை.

அவள் கேட்காததுதான் விஷயம். முதல் ரெண்டு 'கான்ஜுரிங்' படத்திலும் ஒரு வீடு இருந்தது. முதலாவதில், 1971-இல் ரோட் ஐலண்டில் ஐந்து பெண்பிள்ளைகளோடு புதுவீட்டுக்குக் குடிவந்த அம்மாவும் அப்பாவும். கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டலை வைத்துத் தேடும் விளையாட்டை அந்தப் பிள்ளைகள் நமக்கு முதலிலேயே காட்டிவிடும். பிறகு நிலவறைப் படியில் அம்மா தீக்குச்சி கொளுத்தும்போது பக்கத்து இருட்டிலிருந்து ரெண்டு கை வந்து தட்டுமே, அந்தக் கைதட்டல் நமக்குப் பழகிப்போன வீட்டுச் சத்தம். அதனால்தான் ரத்தம் உறைந்தது. ரெண்டாவதில் லண்டன் என்ஃபீல்டில் நாலு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய், கையில் காசில்லை. நடுவில் எட் கிதாரை எடுத்து அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு எல்விஸ் பாட்டுப் பாடுவார். பேய்ப்படத்தில் பாட்டு எதற்கு என்று அன்று நீ கேட்டாய். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்காக நாம் பயந்திருக்கமாட்டோம். இப்போது எனக்கு அது உறுதியாகத் தெரிகிறது.

'தி நன்' எடுத்தவர்கள் பேயை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டை விட்டுவிட்டார்கள். 1952, ருமேனியா, ஆள் அண்டாத ஒரு மடம். மூடுபனி, கல்லறை, சிலுவை எல்லாம் பார்க்க அழகுதான். ஆனால் எல்லா இடமும் ஒரேபோலப் பயங்கரமாக இருந்தால் எந்த இடத்துக்குத்தான் பயப்படுவது? நம் ஊரில் யட்சி ராத்திரி வழியில் நின்று என்ன கேட்பாள்? வெற்றிலைக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு. அவ்வளவுதான். உன் ஆத்தா, யட்சியை அடக்கிய கடமற்றத்துக் கத்தனார் கதை சொல்லும்போது, அந்தச் சுண்ணாம்பு கேட்கிற இடத்தில்தானே நாம் ஒட்டி ஒட்டி உட்காருவோம்!

குளச்சல் பக்கம் போனபோது மடத்தில் உன் அக்காவைப் பார்த்தேன். நல்ல சுகம், முட்டுவலி மட்டும் இருக்கிறது. கன்னியாஸ்திரீ உடுப்பைப் பேய்க்குப் போட்டுவிட்டார்களே, மனசுக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று தயங்கித்தான் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்த மடத்துல அடுப்பு எங்க இருக்கு? யாரு கஞ்சி வைக்கா?" என்றார்கள். எனக்குப் பதில் இல்லை. கிராமத்திலிருந்து சாமான் கொண்டுபோடும் பையன் ஒருத்தன் வருகிறான், ஆனால் அங்கே அடுப்பு எரிந்ததாக ஞாபகமே வரவில்லை. மடம் என்றால் துணி துவைக்கணும், தோட்டத்தில் தண்ணி விடணும், காய்ச்சலில் கிடக்கும் வயசான சிஸ்டருக்குக் கால் பிடிக்கணும், அதெல்லாம் இருந்தால்தானே அங்கே பேய் வந்தது என்று சொன்னால் பதறும் என்றார்கள். ஒக்கி புயல் அடித்த 2017-இல் கரைக்குத் திரும்பாத ஆண்களுக்காகக் காத்திருந்த பெண்களோடு நாள் கணக்காக உட்கார்ந்திருந்த ஆள் அவர்கள். பயம் எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நல்லது ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த மடத்துக்கு வரும் இளம் சிஸ்டர் ஐரீனாக நடித்த டைசா ஃபார்மிகா அருமையான பெண். முதலில் பிள்ளைகளுக்கு டைனோசர் பற்றிச் சொல்லிக்கொடுப்பாள், அப்போது நம் நாலாம் கிளாஸ் சிஸ்டர் ஞாபகம் வந்தார்கள். லொரெய்னாக நடித்த வேரா ஃபார்மிகாவின் சொந்தத் தங்கச்சி இவள். முகச்சாடை அப்படியே இருக்கும். ரெண்டு பாத்திரத்துக்கும் ஏதோ உறவு சொல்லப்போகிறார்கள் என்று கடைசிவரை காத்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பாதிரியாரை உயிரோடு பெட்டியில் புதைத்துவிட, உள்ளேயிருந்து அவர் கயிறு இழுத்து மணி அடிப்பதும், ஐரீன் அந்தச் சத்தத்தைத் தேடி ஓடுவதும் நன்றாக எடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, விடாமல் மாறி மாறிச் செபம் சொல்லும் சிஸ்டர்மார்களின் நடுவில் ஐரீன் முழங்காலில் நிற்கிறாள். கடைசியில் பார்த்தால் அங்கே ஒருத்தரும் இல்லை, அவள் தனியாகத்தான் செபித்திருக்கிறாள். அதே தனிமையில் படத்தைக் கொண்டுபோயிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதியிருக்கவேமாட்டேன்.

ஆனால் உடனே ஓட்டமும் அலறலும் தொடங்கிவிடும். அந்தப் பேய் எப்படி வந்தது என்பதற்கு ஒரு பிரபு பழைய காலத்தில் நரகத்து வாசலைத் திறந்தான், யுத்தத்தில் குண்டு விழுந்து அடைப்பு உடைந்தது என்று ஒரு காரணம். கேட்டதும் இருந்த பயமும் போய்விட்டது. ஆதிகதை சொன்னால் பயம் போய்விடும் என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இசக்கிக்கு ஆதிகதை இல்லையா?

ஞாபகம் இருக்கிறதா, ஒன்பதாம் கிளாஸ் படிக்கும்போது வீட்டுக்குத் தெரியாமல் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வந்தாய். நடுச்சாமம், வில்லுப்பாட்டில் இசக்கி கதை. ஒருவனை நம்பி வந்த பெண் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் கூட்டி, தலையை மெல்ல அதில் இறக்கி வைத்துவிட்டுக் கல்லைத் தூக்குகிறான், நகைக்காக. அந்த இடத்தில் அண்ணாவி வீசுகோலைத் தாழ்த்திவிட்டார். குடம் மட்டும் ஒற்றைத் தட்டாகக் கேட்டது. சாட்சிக்கு யாருமில்லாமல் பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைப் பார்த்து, நீதான் சாட்சி என்று அவள் சொல்லும்போது பெண்கள் பக்கம் ஒரே அழுகை. பிறகு அவள் நீலியாக வந்து, அதே கள்ளியில் ஒரு கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி நடப்பாள். அந்தக் குழந்தை அவனைப் பார்த்து 'அப்பா' என்னும். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்ததில் பட்டன் தெறித்துப்போச்சு. திரும்பிப் போகும்போது சானல்கரையில் தவளைச் சத்தம் நின்றால்கூட நாம் நின்றுவிட்டோம்.

அன்றைக்கு எனக்கு வந்தது பயம் மட்டும் இல்லை மக்கா. அவளுக்கு நடந்தது அநியாயம் என்று தெரிந்ததால், அவள் என்னிடமும் கணக்குக் கேட்பாள் என்று தோன்றியது. அதனால்தான் முப்பந்தல் இசக்கி கோயிலில் இன்றைக்கும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போகிறார்கள், பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள். அந்தக் கன்னியாஸ்திரீப் பேய்க்கு யார்மேல் என்ன கோபம்? அவளுக்கு இழப்பு உண்டா? ஒன்றும் இல்லை. வாய் திறந்து சத்தம்போடும் ஒரு முகம், அவ்வளவுதான்.

படம் வரும் முன்னே யூடியூப்பில் ஒரு குட்டி விளம்பரம் போட்டார்கள். வால்யூம் குறைவதுபோல ஒரு படம் காட்டி, நாம் போனைக் கிட்டே கொண்டுவரும்போது அந்த முகம் அலறும். ஆட்கள் புகார் சொல்லி யூடியூப் அதை எடுத்துவிட்டது. முழுப்படத்திலும் எனக்குக் கிடைத்தது அந்தச் சில நொடிதான். அமெரிக்காவில் தியேட்டர் வாசலிலேயே ஆட்களிடம் மார்க் கேட்கும் சினிமாஸ்கோரில் 'கான்ஜுரிங்' ரெண்டுக்கும் 'ஏ மைனஸ்' கிடைத்தது, இதற்கு 'சி'. ஆனாலும் 2 கோடியே 20 லட்சம் டாலரில் எடுத்த படம் 36 கோடி டாலருக்குமேல் வசூலித்தது, 'கான்ஜுரிங் 2' வாங்கியதைவிட அதிகம். என்னைப்போல நம்பிப் போனவர்கள் கொடுத்த காசு அது. அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

வெள்ளிக்கிழமைக்கு நீ 2013-இல் வந்த முதல் 'கான்ஜுரிங்'கைப் போடு. பெரியவனுக்குத் தாங்கும், சின்னவள் தூங்கின பிறகு பார்த்தால் போதும். காயப்போட்ட போர்வை காற்றில் பறந்து ஓர் உருவத்தின்மேல் படிகிற இடத்தில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

டிசம்பர் 3 சவேரியார் திருநாளுக்கு லீவு கிடைக்குமா? அக்காவும் கேட்டார்கள். வந்தால் சித்திரைக் கொடைவரை இருக்கப் பார், அதே அண்ணாவியின் மகன்தான் இப்போது வில்லடிக்கிறான். மேற்கே மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது, ஷீட்டையெல்லாம் உள்ளே எடுத்துப்போடணும்.

உன்
கூட்டுக்காரன்