முன்னுரிமை டோக்கனின் சுமை யார்மீது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயுள்ள என் மனைவியை வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்காகச் சென்ற மாதம் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு அழைத்துச் சென்றேன். நாங்கள் போன கூடத்தில் ரத்தம் எடுக்க ஒரே கவுன்ட்டர்தான் இருந்தது. முதியோர், கர்ப்பிணிகள், முன்பதிவு செய்தோர் என முன்னுரிமை டோக்கன்கள் அடுத்தடுத்து அழைக்கப்பட, பேரணாம்பட்டிலிருந்தும் அணைக்கட்டிலிருந்தும் வந்து பொது டோக்கன் வாங்கியவர்கள் காலை பத்து மணி கடந்தும் பசியோடு அமர்ந்திருந்தார்கள். முன்னுரிமை வேண்டியதுதான், அதை எத்தனை பேருக்குத் தருவது என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதே என் கருத்து.

அந்தக் கணக்கு புதியதன்று. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங், அழைப்புகளின் வருகையைப் பற்றி 1909-இல் எழுதிய கட்டுரையிலிருந்து, காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாடு வளர்ந்தது. முன்னுரிமை உள்ள வரிசைக்கான சூத்திரத்தைக் ஆலன் காப்ஹம் (Cobham) என்பவர் 1954-இல் வெளியிட்டார். ஒருவருக்குச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது, ஆனால் அது ஆளுக்கு ஆள் கூடியும் குறைந்தும் வருகிறது, மக்களும் நேரம் குறிக்காமல் வருகிறார்கள், கவுன்ட்டர் மணிக்கு 54 நிமிடம் வேலையில் இருக்கிறது என்று கொள்வோம். முன்னுரிமையே இல்லையென்றால் சராசரிக் காத்திருப்பு 45 நிமிடம். ஒன்பதில் ஒருவருக்கு முன்னுரிமை தந்தால் அவர் 5 நிமிடமும் மற்றவர்கள் 50 நிமிடமும் காத்திருப்பார்கள். இதை எவரும் மனமுவந்து ஏற்பர். மூவரில் இருவருக்குத் தந்தாலோ, அவர்களுக்கு 11 நிமிடம், எஞ்சிய ஒருவருக்கு 112 நிமிடம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி அதே 45 நிமிடம்தான், ஏனெனில் எந்தப் பிரிவினருக்கும் சராசரியாக ஒரே அளவு நேரம் ஆகும்போது முன்னுரிமை மொத்தக் காத்திருப்பைக் குறைப்பதில்லை, ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றுகிறது.

காலை நேர நெரிசல் இவ்வளவு சீரானதன்று என்பதால், இந்த எண்கள் எந்தக் கூடத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்னுரிமை பெறுவோரின் பங்கு பெருகப் பெருகப் பொது டோக்கன் வாங்கியவர்களின் காத்திருப்பு இப்படித்தான் கூடும்.

ஆகவே, புதிதாக ஒரு பிரிவைச் சேர்க்கும் முன், வருவோரில் அவர்கள் எத்தனை பங்கு என்பதை நிர்வாகத்தினர் ஒரு வாரமாவது எண்ணிப் பார்க்க வேண்டும். பொது டோக்கனில் நெடுநேரம் இருப்பவரின் முன்னுரிமை, காத்திருக்கக் காத்திருக்கத் தானே உயரும்படியும் அமைக்கலாம். அமெரிக்கக் கணினி அறிவியலாளர் கிளைன்ராக் 1964-இலேயே இதற்கான கணக்கைத் தந்திருக்கிறார், இன்றைய டோக்கன் இயந்திரங்களில் அதைப் புகுத்துவது கடினமன்று. எல்லாவற்றிலும் மேலாக, நெரிசல் வேளையில் மட்டுமாவது இரண்டாவது கவுன்ட்டரைத் திறந்து இரண்டுக்கும் ஒரே வரிசை வைத்தால், மேற்சொன்ன அதே கூட்டத்துக்குச் சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடமாகிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.