90 நாள் கணக்கு: ஹாட்யாய்க்குக் குடிபோகும் நம்மவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வேலை ஓய்வுக்குப் பிறகு தெற்குத் தாய்லாந்தில் குறைந்த செலவில் வாழ்வது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாடகை, சாப்பாடு, மருந்துச் செலவு எல்லாம் விவரமாக எழுதியிருந்தார்கள். ஆனால் அங்கே போய்த் தங்கும் வெளிநாட்டுக்காரர் 90 நாளைக்கு ஒரு முறை தாம் எந்த முகவரியில் இருக்கிறோம் என்று குடிநுழைவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரி தெரியாததால் நான் அலைந்திருக்கிறேன். என் வயதுக்காரர்கள் இன்னும் நாலு பேர் அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்காரன். ரப்பர்த் தோட்டத்தில் 31 ஆண்டுகள் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தேன். மனைவி தவறிய பிறகு வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. தெற்குத் தாய்லாந்து நகரமான ஹாட்யாயில் இருந்த பழைய பள்ளித் தோழர், "இங்கே வந்துவிடுங்கள், பக்கத்திலேயே வீடு பார்த்துத் தருகிறேன்" என்று கூப்பிட்டார். சேமநிதிப் பணம் கையில் இருந்தது. 50 வயது நிரம்பியவர்களுக்கு ஓய்வுக்காலத் தங்கல் அனுமதி கொடுக்கிறார்கள். அதற்கு அந்நாட்டு வங்கியில் 800,000 பாட் இருப்பதைக் காட்ட வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். நம் பணத்தில் 100,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வரும். அதைப் போட்டு, 1,900 பாட் கட்டணமும் கட்டி, கடப்பிதழில் ஓராண்டு முத்திரை வாங்கினேன். அடுத்த ஆண்டு வரை அலுவலகப் பக்கம் போக வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஓராண்டு அனுமதி வேறு, 90 நாள் அறிவிப்பு வேறு. 1979-ஆம் ஆண்டின் தாய்லாந்துக் குடிநுழைவுச் சட்டம், 37-ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. தொடர்ந்து 90 நாளுக்கு மேல் அந்த நாட்டில் இருப்பவர் தம் முகவரியை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு 90 நாளுக்கும் அதையே செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. டிஎம் 47 என்ற ஒற்றைத் தாள் பாரம்தான். தவணை நாளுக்கு 15 நாள் முன்னாலும் போகலாம், 7 நாள் பின்னாலும் போகலாம். பாரத்தைக் கொடுத்தால் அடுத்த தேதி போட்ட ஒரு துண்டுச் சீட்டைத் தருவார்கள். வேலை அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் தவறியது? எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கே தங்குகிறவருக்கு அது வராது. தாய்லாந்தை விட்டு வெளியே போய்த் திரும்பினால் 90 நாள் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். நமக்கு எல்லைச் சாவடி இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாம் கூப்பிடு தூரம். தைப்பூசம் என்றால் வருவோம், பேரப்பிள்ளைக்குக் காது குத்து என்றால் வருவோம், ஒன்றுமே இல்லையென்றாலும் மருந்து எடுக்க வருவோம். ஆறு வாரம், எட்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து போகிறவருக்கு 90 என்ற எண் வருவதே இல்லை. முதல் ஆண்டு முழுக்க எனக்கு அப்படித்தான் போனது. அப்படி ஒரு கடமை இருப்பதே தெரியவில்லை. தோழருக்கும் தெரியாது, அவரும் என்னைப் போலவே வந்து போகிறவர்தான்.

இரண்டாம் ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. கட்டுப் போட்டுப் படுத்தேன். தீபாவளிக்குக்கூட ஊருக்கு வர முடியவில்லை. கால் சரியாகி, வேறு ஒரு காரியமாகக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனபோது அதிகாரி கடப்பிதழைப் புரட்டி நாளை எண்ணினார். கடைசியாக உள்ளே வந்து 112 நாள் ஆகியிருந்தது. அவர் தாய்லாந்து மொழியில் சொன்னது எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெற்குத் தாய்லாந்தின் பட்டாணி மாநிலத்துப் பெண் ஒருவர் மலாய் பேசுபவர். அவர்தான் இரக்கப்பட்டு, "பாக் சிக் (மாமா), முகவரி அறிவிக்கவில்லை என்கிறார், 2,000 பாட் அபராதம்" என்று சொன்னார். நாமாகவே போய் நின்றால்தான் 2,000. போலீஸ் பிடித்த பிறகு என்றால் 5,000 பாட் வரை போகலாம். அதற்கு மேல் நாளுக்கு 200 பாட்.

பணம் பெரிதில்லை, 250 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் ஆகியிருக்கும். ஆனால் 31 ஆண்டு மற்றவர்களுடைய பாரங்களை நிரப்பிக் கொடுத்தவன், தவறு செய்தவனாக அந்த மேசைக்கு முன்னால் நின்றது மனத்தை மிகவும் வருத்தியது. இந்த அபராதம் அனுமதிக் காலம் முடிந்த பிறகும் தங்கியதற்கான அபராதம் இல்லை என்பதைக்கூட அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அது தனி. அதற்கு நாளுக்கு 500 பாட், 20,000 வரை ஏறும்.

அன்றைக்கே இன்னொன்றும் வெளிவந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டில் வந்து தங்கினால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும். அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு. டிஎம் 30 என்று அந்தப் பாரத்துக்குப் பெயர். என் வீட்டுக்கார அம்மா அதைச் செய்யவில்லை. எழுபது வயது, எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். தப்பு அவர் பெயரில் விழுந்தால் அவருக்கு 2,000 பாட் வரை அபராதம் உண்டு. மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு, வீட்டுப் பதிவேட்டின் நகலும் அவருடைய அடையாள அட்டை நகலும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே வீடு எடுக்கும்போதே, முன்பணம் கொடுக்கும் முன்பே, "டிஎம் 30 போட்டுத் தருவீர்களா" என்று கேட்டுவிடுங்கள். அந்தச் சீட்டைக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு 2020-லிருந்து இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆறுதல். வீடு மாறினால் மட்டும் மறுபடியும் போட வேண்டும்.

ஊருக்கு வந்து போவதிலும் கவனம் வேண்டும். மறுநுழைவு அனுமதி வாங்காமல் எல்லை தாண்டினால் அந்த ஓராண்டு அனுமதி அங்கேயே செத்துவிடும்; பணத்தைக் காட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட். நம்மைப் போல் அடிக்கடி வருகிறவர்களுக்குப் பல முறைதான் சரி.

இவ்வளவையும் எழுதிக்கொண்டு வரும்போது என் மனம் தோட்டத்துக்கே போகிறது. முகவரி என்பது நம் ஆட்களிடம் எப்படி இருந்தது? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எல்லாருக்கும் ஒரே முகவரி, தோட்டத்து ஆபீஸ். ஊரிலிருந்து வரும் கடிதம், கோர்ட்டுக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் என் மேசைக்கு வரும். பெயரைப் பார்த்து, "இது மேட்டு லயத்து முனியம்மாவுக்கு" என்று நான் அனுப்பி வைப்பேன். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை அவர்கள் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்புறம் தோட்டம் வீடமைப்புக்குப் போனது, லயங்கள் இடிந்தன, ஆபீசும் இல்லை. சனங்கள் தாமான் என்கிற குடியிருப்புகளுக்கும் மாடி வீடுகளுக்கும் சிதறினார்கள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், மட்டும் இன்னும் அந்தத் தோட்டத்துப் பெயரே நிற்கிறது.

இது நம் நாட்டிலும் சட்டப்படி தவறுதான். வீடு மாறினால் 30 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் தெரிவிக்க வேண்டும். 2021 டிசம்பரிலிருந்து வாக்காளர் பதிவு தானாக நடக்கிறது, ஐசி முகவரிதான் தொகுதியைத் தீர்மானிக்கிறது. 2022 பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் காலமானதால் எங்கள் பாடாங் செராய் தொகுதிக்கு வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது. எப்போதோ பட்டர்வொர்த்துக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபோன பிள்ளைகள் அந்த ஒரு புதன்கிழமைக்காக லீவு கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வராமலே விட்டவர்களும் இருக்கிறார்கள்.

அரசாங்கத் தாள் என்றாலே நம் பெரியவர்களுக்கு ஒரு பயம் உண்டு. 1948-இல் கம்யூனிஸ்டுக் கலகத்துக்காக அறிவித்த அவசரகாலத்தில் 12 வயது நிரம்பிய எல்லாருக்கும் அடையாளக் கார்டு கொடுத்த காலத்திலிருந்து அந்தப் பயம் வருகிறது. 1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களை என் அப்பா பெயர் சொல்லிச் சொல்லி அழுவார். அந்தப் பயத்தில் ஆபீஸ் பக்கமே போகாமல் ஒதுங்கி இருந்து பழகிவிட்டோம். இன்றைக்கு ஒதுங்கி இருப்பதுதான் ஆபத்து. தாள் சரியாக இருந்தால் அங்கேயும் யாரும் நம்மை ஒன்றும் சொல்வதில்லை. அபராதம் கட்டிய பிறகு அறிவிக்கப் போனபோதெல்லாம் ஒரு முறைகூடப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனதில்லை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வுக்காலம் பற்றி இனி எழுதும்போது செலவுக் கணக்குக்குப் பக்கத்திலேயே இந்த 90 நாள் அறிவிப்பு, வீட்டுக்காரரின் 24 மணி நேர அறிவிப்பு, மறுநுழைவு அனுமதி மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள். வயதானவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் நல்லது.

நான் இப்போது மாதத்தில் இரண்டு வாரம் பாடாங் செராயில்தான் இருக்கிறேன். அந்த ஞாயிறுகளில் காலை பூசைக்குப் பிறகு எங்கள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். ஐசி முகவரி மாற்ற வேண்டியவர்கள், தாய்லாந்துப் பாரம் நிரப்ப வேண்டியவர்கள் ஐசியையும் கடப்பிதழையும் எடுத்துக்கொண்டு வரலாம். பேனா என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பாடாங் செராய், கெடா.