சைக்கிள் பந்தயத் தன்னார்வலர் பயிற்சி: ஞாயிறு காலை 6 மணி

அனைவருக்கும் வணக்கம்.

நம் சாலைப் பந்தயத்துக்கு உதவப்போகும் தன்னார்வலர்களுக்கு வரும் ஞாயிறு காலை 6 முதல் 9 வரை பயிற்சி. பந்தயம் தொடங்கும் இடத்திலேயே கூடுவோம். போன முறை தன்னார்வலர்களாக நின்றவர்களும் அவசியம் வர வேண்டும்.

1. விசில், தொப்பி, தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள். மஞ்சள் கொடி நாங்கள் தருகிறோம்.

2. வளைவில் நிற்பதுதான் முக்கியப் பாடம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கூட்டம் ஒரே நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். வளைவுக்கு வந்தபின் கொடி காட்டிப் பயனில்லை. நன்கு முன்னாலேயே காட்ட வேண்டும். போன முறை ஒரு வளைவில் ஆள் இல்லாமல் இரண்டு பேர் சரளையில் சறுக்கி விழுந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

3. யாராவது விழுந்தால் முதலில் பின்னால் வருபவர்களை எச்சரியுங்கள். விழுந்தவரை இழுத்துத் தூக்காதீர்கள், கழுத்தில் அடிபட்டிருக்கலாம்.

4. முடிவுக் கோட்டில் முன்சக்கரத்தின் விளிம்புதான் கணக்கு. தலையோ கையோ அல்ல. வீரரின் எண்ணை வாசிக்க ஒருவர், எழுத ஒருவர்.

5. போலீஸ் சொல்லாமல் எந்த வண்டியையும் மறிக்க வேண்டாம்.

வருபவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் பெயரையும், வளைவா முடிவுக் கோடா என்பதையும் இங்கேயே பதிவிடுங்கள். வளைவுகளுக்குத்தான் ஆள் குறைவு.