ஆடியில் எழுதும் சித்திரைப் பதில்

காவேரிப்பட்டணம்
ஆடி 5

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். முதல் லாரி மாம்பழம் வந்து இறங்கிய நாளிலிருந்து, போன வெள்ளிக்கிழமை கடைசி மாம்பழக் கூழ் டின்னுக்கு மூடி போட்டது வரை, உட்கார்ந்து நாலு வரி எழுத முடியவில்லை. அம்மா நலம், முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. சின்னவன் பத்தாவது போய்விட்டான். உன் அத்தை இன்னும் மாமாவோடு பேசவில்லையா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சாமை முறுக்குக்கு வீடியோ எடுக்க வெளியாட்களிடம் கொடுக்கலாமா, கடையிலேயே ஒருவரைப் பழக்கலாமா என்று கேட்டிருந்தாய். உடனே பதில் எழுதியிருந்தால், போன வருடக் கோபத்தில், "வெளியே மட்டும் கொடுத்துவிடாதே" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். இந்த சீசன் முடிந்தபிறகு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

போன வருடக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். பெங்களூரிலிருந்து ஒரு குழுவை வரவழைத்தோம். ஒன்றரை லட்சம், அதற்குமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஜூன் முதல் வாரம் வருவதாகப் பேச்சு. அவர்களுக்கு வேறு ஒரு வேலை இழுத்துக்கொண்டே போக, இங்கே வந்து சேர்ந்தபோது ஜூலை பாதி ஆகிவிட்டது. கூழுக்கு வாங்கும் பெங்களூரா மாம்பழத்தின் வரத்து அடங்கி, யார்டில் கடைசி லாட் கிடந்தது. உன் முறுக்கு மாவை நாளைக்கும் பிசையலாம். பழத்திடம் போய் அடுத்த வாரம் வா என்று சொல்ல முடியுமா? இருந்ததை வைத்து இரண்டு நாள் எடுத்தார்கள். டிரோனில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையையும் மாந்தோப்புகளையும் எடுத்திருந்தது அத்தனை அழகு. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருடம் முயன்றாலும் நம் ஆட்களால் அப்படி எடுக்க முடியாது, அதை மனசார ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் துபாய் வியாபாரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பழத்தை எப்படிப் பழுக்க வைக்கிறீர்கள், அதைக் காட்டுங்கள் என்று. எல்லோருக்கும் கார்பைடு கல் பயம். அதை வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) வரை அனுமதி உண்டு, நாங்கள் அறையில் விடுவது அதைத்தான். அந்த அறையை அவர்கள் எடுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். முடிந்த வீடியோவில் அது இல்லை. எடுத்தது எல்லாவற்றையும் கொடுங்கள் என்றால், ஒப்பந்தத்தில் இல்லை, தனியாகப் பணம் கட்டுங்கள் என்றார்கள். கட்டுகிறேன் என்றதும், கார்டை எப்போதோ அழித்துவிட்டோம் என்றார்கள். நம் வக்கீல் அண்ணனிடம் கேட்டேன். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் படத்தின் உரிமை, 1957 பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது என்றார். உரிமை இருந்து என்ன செய்வது, பதிவு போய்விட்டதே.

அந்த வேகத்தில்தான் இந்த வருடம் நம் லேப் பெண்ணிடம் வீடியோ வேலையைக் கொடுத்தேன். பொங்கலுக்கு நீ வந்தபோது உன் காதை ஓயவிடாமல் பேசினாளே, அவள்தான். அவள் போன், ஒரு டிரைபாட், காலர் மைக், அவ்வளவுதான். முதல் வாரம் எடுத்ததெல்லாம் வீண். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டை ஓடியது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்த வேண்டும் என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள். பட்டை நின்றுவிட்டது.

அப்புறம் ஒருநாள் பழம் பொறுக்கும் பெல்ட்டில் நம் பெரியக்காவை எடுத்தாள். அக்கா ஒரு பழத்தை எடுத்து, உள்ளங்கையில் ஒரு சுற்று உருட்டி, காம்புப் பக்கம் மூக்கருகே கொண்டுபோய், "இது இன்னும் ரெண்டு நாள் படுக்கணும்" என்று பின்னால் தள்ளினார். அடுத்த பழம் நேராக உள்ளே. கேமரா இருப்பதே அக்காவுக்கு நினைவில்லை. தினமும் கூடச் சாப்பிடுகிற பெண் எடுப்பதால்தான் அது வந்தது. அதோடு எத்திலீன் அறையையும் சேர்த்து, நாற்பத்தெட்டு நொடி வீடியோ. துபாய்க்காரர் முதலில் கேட்டது அந்த அம்மா யார் என்றுதான்.

இதோடு நிறுத்தினால் உனக்குப் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும். ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி, கூழின் இனிப்பளவை அவள் குறித்துவைக்கும் பிரிக்ஸ் நோட்டைப் புரட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. பெங்களூராக் கூழ் 14 பிரிக்ஸுக்குக் குறைந்தால் வாங்குகிறவர் சும்மா இருக்கமாட்டார். அந்த நேரத்து டின்களைத் தனியே ஒதுக்கி, மூன்று கிலோ டின்களில் சிலதைத் திறந்து பார்த்தோம். நல்லவேளை, சரியாக இருந்தது. அவள் பெல்ட்டில் படம் எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்கு முந்தைய ராத்திரி பதினோரு மணிவரை வீட்டில் எடிட். அதற்கு நான் ஒரு ரூபாய் கூடக் கொடுத்ததில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். "ரெண்டுல எது என் வேலைன்னு சொல்லிடுங்கக்கா" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியாளுக்கு ஒன்றரை லட்சத்தைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தவள், நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கிறவளிடம் உழைப்பை இனாமாக வாங்கியிருக்கிறேன்.

அவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த சீசனுக்கு லேபில் இன்னொரு ஆள், இவளுக்கு வீடியோவுக்கென்று தனிச் சம்பளம். எடிட் வேலை ஊர் ஸ்டுடியோவுக்கு.

இப்போது உன் கதை. உனக்குத் தினமும் அடுப்பு எரிகிறது, சீசன் கவலை இல்லை. அதனால் மாவு பிசைவது, முறுக்குச் சுற்றுவது, பார்சல் கட்டுவதெல்லாம் உன் தங்கை மகளே எடுக்கட்டும், ஆனால் சம்பளம் பேசிவிட்டு. வெட்டி ஒட்டுவதை வெளியே கொடு. கடையின் கதையைச் சொல்லும் பெரிய படம் ஒன்று வேண்டுமென்றால் அதற்குக் கட்டாயம் வெளியாட்கள்தான். அதற்கும் இப்போதே ஆள் பார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, தர்மபுரியில் கல்யாண ஸ்டுடியோக்காரர்கள் கை ஓய்ந்திருப்பார்கள். ஆவணி பிறந்துவிட்டால் பிடிக்க முடியாது. வைகாசியில் எங்களுக்கு ஆள் கிடைக்காமல் போவதும் இதனால்தான்.

பேசும்போதே எழுதி வாங்கு: யார் நேரில் வந்து எடுப்பார், எத்தனை முறை திருத்தித் தருவார், எடுத்த மொத்தப் பதிவையும் ஹார்டு டிஸ்கில் தர வேண்டும் என்று. நல்ல தரத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரப் பதிவே 45 ஜிபி பக்கம் வரும், டிஸ்க் நீயே வாங்கிக் கொடுத்துவிடு. சினிமாப் பாட்டு போடவே வேண்டாம், உரிமைக்காரர் கேட்டால் வீடியோ போய்விடும். முக்கியமாக, சேனலையும் இன்ஸ்டாகிராமையும் கடை நம்பரில் திற, பிள்ளையின் நம்பரில் வேண்டாம். எங்கள் பெண்ணுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. போவாளா என்று தெரியவில்லை. போனால் சந்தோஷமாக அனுப்புவேன், ஆனால் எங்கள் கணக்குகள் எல்லாம் இன்னும் அவள் போனில்தான் இருக்கின்றன. நாளைக்குக் காலையில் முதல் வேலை அதுதான்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் வருகிறோம். திரும்பும்போது உன் வீட்டில் ஒரு ராத்திரி. அவளும் கூட வருகிறேன் என்கிறாள், டிரைபாடும் மைக்கும் எடுத்து வருவாள். அத்தையை அன்றைக்கு முறுக்குச் சுற்றச் சொல். மாமாவையும் பக்கத்தில் உட்கார வை, என்ன ஆகிறது பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் மூன்றாவது பெஞ்சு