தேய்க்காதே மாப்ளே

மாப்ளே,

உன் குரல் செய்தி வந்து நாலு நாள் ஆகிறது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இதை ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் வீட்டம்மா பின்னால் நின்று திருத்தம் சொல்வாள், அதனால் அவள் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். தஞ்சாவூரில் மழை எப்படி? இங்கே திருச்சியில் தூறிவிட்டுப் போவதோடு சரி.

புது வீட்டுச் சமையலறை அலமாரிகளுக்கு மேட் ஃபினிஷ் கதவு, அதாவது மினுக்கில்லாத மங்கல் கதவு, போடலாமா என்று கேட்டிருந்தாய். போடு. பார்க்க அழகு, வெளிச்சம் பட்டுக் கண் கூசாது. ஆனால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போடு.

ஆடியில் மகளுக்குப் பிரசவம் என்று இவள் பெங்களூரு போய் மூன்று மாதம் தங்கிவிட்டாள் அல்லவா, அந்த மூன்று மாதமும் சமையல் நான்தான். சமையல் என்றால் தினமும் ஒரு ரசம், தொட்டுக்கொள்ள அப்பளமோ வடகமோ பொரித்துக்கொள்வேன், அவ்வளவுதான். சிம்னியைப் போட மறந்துவிடுவேன். அவள் வர இரண்டு நாள் இருக்கும்போது பார்த்தால் அடுப்புக்குப் பக்கத்துக் கதவெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, கை வைத்தால் ஒட்டுகிறது. கரும்சாம்பல் நிறம் வேறு, என் விரல் ரேகை ஒவ்வொன்றும் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த மாதிரி பதிந்து கிடந்தது. சரி, சுத்தம் பண்ணி வைத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரை எடுத்து, துணி துவைக்கிற பவுடரில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். ரசம் தெறித்த மஞ்சள் கறை திடுதிப்பென்று சிவந்துவிட்டது! ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்குமே, அதே சங்கதிதான், சோப்புத்தூளிலும் சுண்ணாம்பு மாதிரிக் காரத்தன்மை உண்டு. அது அப்போது மண்டைக்கு ஏறவில்லை. பயந்துபோய் இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

சிவப்பு போய்விட்டது. காய்ந்த பிறகு பார்த்தால் தேய்த்த இடம் மட்டும் தோசைக்கல் அகலத்துக்கு மின்னுகிறது.

கதவு செய்த கார்பெண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு வைத்தியம் இல்ல சார், கதவைத்தான் மாத்தணும்" என்றார். மேட் என்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம், அந்தப் பரப்பே கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக இருப்பதால் பட்ட வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, மங்கலாகத் தெரிவது அதனால்தான். பச்சை நாரில் உப்புத்தாள் மாதிரிப் பொடி ஒட்டியிருக்கிறது. அது மேட்டையெல்லாம் சீவிச் சமமாக்கிவிட்டால் மினுக்கு வந்துவிடும், வந்தது போகாது. பாலிஷ் போட்டாலும் இன்னும்தான் மினுக்கும். புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கிற வீட்டில் வளர்ந்த கை மாப்ளே, மின்னினால் சுத்தம் என்றே பழகிவிட்டது. இந்தக் கதவில் மின்னினால் போச்சு என்று அர்த்தம்.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் நாலைந்து சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். கார் துடைக்க விற்கிறார்களே மைக்ரோஃபைபர் துணி, அதை நனைத்து நன்றாகப் பிழிந்து கதவு முழுவதையும் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், கறை இருக்கிற இடத்தில் மட்டும் வட்டமாகச் சுழற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. பழைய பிசுக்காக இருந்தால் ஈரத்துணியை அதன்மேல் இரண்டு மூன்று நிமிடம் ஒற்றிப் பிடி, தானாக இளகும், இளகாவிட்டால் மறுபடி பிடி. அப்புறம் வெறும் தண்ணீரில் அலசிய துணியால் ஒரு தடவை, இல்லையென்றால் சோப்பு காய்ந்து வெள்ளைக் கோடாக நிற்கும். கடைசியில் உலர்ந்த துணி. இதை மட்டும் சோம்பல்படாதே, ஓரத்தில் ஒட்டியிருக்கிற பட்டி வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே பலகை ஊதிக்கொள்ளும், ஊதினது வற்றாது. என் வீட்டில் சிங்குக்குக் கீழ் கதவு ஒன்று ஏற்கெனவே வயிறு தள்ளி நிற்கிறது.

வெள்ளையாக மெத்தென்று ஒரு ஸ்பாஞ்சு விற்கிறார்கள், எல்லாக் கறையும் போகும் என்று. கைக்குத்தான் மெத்து, வேலை உப்புத்தாள் வேலை. சபீனா, தின்னர், ப்ளீச் எதையும் கிட்டே விடாதே. மஞ்சள் கறை லேசாக மிச்சம் இருந்தால் விட்டுவிடு, வெயில் படுகிற கதவென்றால் சில நாளில் மங்கிவிடும், வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் காயப்போட்டால் வெளுப்பதில்லையா, அப்படி.

உன் வீட்டுக்கு என்னைக் கேட்டால், கைப்பிடி இல்லாத கதவு வேண்டாம், ஓரத்தைப் பிடித்து இழுத்து இழுத்து அங்கேதான் முதலில் அழுக்கேறும். கறுப்பும் கரும்சாம்பலும் வேண்டாம், வெளிர் நிறம் எடு. விரல் ரேகை படியாத மேட் என்றும் ஒரு வகை இருக்கிறது, விலை கூடுதல், அடுப்புப் பக்கத்துக்கு மட்டுமாவது அதைப் போடு. வேலை முடிந்ததும் மிஞ்சின துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள், புதுசாக எந்த லிக்விட் வாங்கினாலும் முதலில் அதில் தடவிப் பார்க்கலாம்.

இவள் ஊரிலிருந்து வந்தவள் பையைக் கீழே வைப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, மளிகைக்கடைக் காலண்டரைக் கொண்டுவந்து அந்த இடத்தை மறைத்து மாட்டிவிட்டாள். வருகிறவர்களிடம் தூக்கிக் காட்டுகிறாள். பேரனுக்குப் பெயர் வைத்தாயிற்று, மூன்றெழுத்துத்தான், அதில் இரண்டு எனக்கு வாயில் நுழையவில்லை. உனக்கு பிரஷர் மாத்திரை மாற்றினார்களே, தலைசுற்றல் நின்றதா, எழுது.

தைப்பூசத்துக்குப் பழனி போகிற வழியில் வருவதாகச் சொன்னாய். கடையில் கொடுத்த சாம்பிள் துண்டுகளை எடுத்துக்கொண்டு வா. அந்தப் பச்சை நாரைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன், வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் தேய்த்துப் பார்த்துவிடலாம்.