செல்லப்பிராணியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வாடகை வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இரக்கமுள்ள குடித்தனக்காரருக்கும் ஈரமற்ற வீட்டு உரிமையாளருக்கும் இடையிலான வழக்காகவே அது சொல்லப்படுகிறது. பல ஆண்டுகளாக வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுவரும் எனக்கு இது சரியென்று படவில்லை. 'பிராணிகள் கூடாது' என்னும் ஒற்றை வரியால் உரிமையாளர் எதையும் காப்பாற்றிக்கொள்வதில்லை. எந்தச் சேதத்துக்கு அவர் அஞ்சுகிறாரோ அதையே அந்த வரி பெரிதாக்குகிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

பிராணியுடன் வீடு தேடுபவர் போன இடமெல்லாம் மறுக்கப்பட்டால், ஒரு கட்டத்தில் அதைப் பற்றி வாய் திறக்காமலே குடிவந்துவிடுகிறார். மறைத்து வைத்திருக்கும் நாயை வேளைக்கு வெளியே நடத்திச் செல்ல முடியாது. அது அடைத்த அறைக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும், கதவைப் பிறாண்டும், தனிமை தாளாமல் குரைக்கும். தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட, உரிமையாளர் உள்ளே வந்து பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் குடியிருப்பவர் சொல்லாமல் விடுவார். பிராணிகளின் சிறுநீரில் உள்ள யூரிக் அமிலப் படிகங்கள் வெறும் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. காற்றில் ஈரம் ஏறும்போதெல்லாம் நாற்றம் திரும்ப வரும். அன்றைக்கே நொதிகள் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைத்தால் போய்விடக்கூடிய கறை, மாதக்கணக்கில் மறைக்கப்படும்போது தரையின் இடுக்குகளில் இறங்கி, தரையையே மாற்ற வேண்டிய செலவில் முடிகிறது. இங்கே வீட்டைக் கெடுத்தது பிராணி மட்டுமன்று, மறைப்பும்தான்.

அதற்காக உரிமையாளரின் கவலையை வீண் என்று தள்ளிவிட மாட்டேன். பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒவ்வாமைப் புரதம், அது வீட்டை விட்டுப் போன பிறகும் பல மாதங்கள் துணிகளிலும் தூசியிலும் தங்கியிருக்கும். அடுத்து வருபவருக்கு ஆஸ்துமா இருந்தால் அது பெருந்தொல்லை. பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும் ஆறேழு மாத வயதுவரை நாய்க்குட்டிகள் கையில் அகப்பட்ட மரச்சட்டத்தையெல்லாம் கடிக்கும். மீன்தொட்டியை யாரும் பிராணிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் 200 லிட்டர் தொட்டியில் நீரின் எடை மட்டுமே 200 கிலோ.

ஆகவே உரிமையாளர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நாய் பெரிதா சிறிதா என்பதைத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஆனால் கிரேஹவுண்டு போன்ற பெரிய நாய் பகலெல்லாம் அமைதியாகப் படுத்திருக்க, சிறிய இனங்கள் பல சிறு சத்தத்துக்கும் குரைப்பதுண்டு. வயது என்ன, கருத்தடை செய்யப்பட்டதா, வெறிநோய்த் தடுப்பூசி உரிய காலத்தில் போடப்பட்டுள்ளதா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளர் என்ன சொல்கிறார் என்பவைதான் பயன்தரும் கேள்விகள். கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளில் பெரும்பாலானவை சுவரில் சிறுநீர் பீய்ச்சும் பழக்கத்தை விட்டுவிடுகின்றன என்பதை அறிந்த உரிமையாளர், அந்த ஒரு விடையிலிருந்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

பல நாடுகளின் சட்டங்கள் ஏற்கெனவே இந்தத் திசையில் நகர்ந்திருக்கின்றன. குடியிருப்புக்கான வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணிகளை முற்றாகத் தடுக்கும் விதி செல்லாது என்று பிரான்ஸ் 1970-இலேயே சட்டம் இயற்றியது. பிராணி சேதமோ தொல்லையோ விளைவிக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. நாய், பூனைகளைப் பொத்தாம்பொதுவாகத் தடுக்கும் அச்சிட்ட ஒப்பந்த விதி செல்லாது என்றும், குடியிருப்பவர், உரிமையாளர், அண்டைவீட்டார் ஆகிய அனைவரின் நலனையும் ஒவ்வொரு நேர்விலும் தனித்தனியே சீர்தூக்க வேண்டும் என்றும் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், எழுத்து மூலமான கோரிக்கையை நியாயமான காரணமின்றி மறுக்கக் கூடாது என்கிறது. இவற்றுள் ஜெர்மானியத் தீர்ப்பின் அணுகுமுறையே எனக்கு நியாயமாகப் படுகிறது. சுவருக்கு அப்பால் வாழ்பவரின் உறக்கத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. எந்தப் பிராணி, எத்தனை, தடுப்பூசி அட்டையின் நகல், குரைப்பு பற்றிப் புகார் வந்தால் எத்தனை நாளில் சரிசெய்வது, காலி செய்யும்போது யார் செலவில் ஆழ்ந்த துப்புரவு என்பவற்றை ஒப்பந்தத்தோடு ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடலாம். குடிவரும் நாளில் தரை, கதவு, சுவர் ஆகியவற்றின் படங்களை எடுத்து அத்துடன் இணைத்தால், முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளில் எது பழைய கீறல், எது புதிய கீறல் என்ற சண்டையே எழாது. குடியிருப்பவரும் கேட்கப்படும்வரை காத்திராமல், வீடு பார்க்க வரும்போதே பிராணியைப் பற்றித் தாமாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் அதை அழைத்துவந்து காட்டவும் வேண்டும்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். வாடகை வீட்டு விளம்பரப் பகுதியில் 'பிராணிகளுக்கு அனுமதி உண்டு', 'கலந்துபேசலாம்', 'அனுமதி இல்லை' என மூன்றில் ஒன்றைக் குறிக்கும்படி விளம்பரதாரர்களைக் கேளுங்கள். நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுக்க என்னைப் போன்ற உரிமையாளர்கள் பலர் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் ஒருவர்