மில்லிகிராம் மட்டும் பாத்து மருந்து வாங்குற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மருந்து கொள்முதல் அதிகாரிகளுக்கு வணக்கம்.

படர்தாமரை இப்ப எப்படிப் பரவுதுன்னும், அதுக்குக் குடுக்குற இட்ராகொனசோல்ங்கற பூஞ்சை மருந்து எவ்ளோ போகுதுன்னும் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல, டெண்டர் போடுறதே நீங்கதான். நேரா கேட்டுடறேன். 100 மி.கி. என்ன விலைன்னு மட்டும் பாக்காதீங்க, அந்த 100ல எவ்ளோ ரத்தத்துல சேருதுன்னும் பாத்து வாங்குங்க.

கோத்தகிரி பக்கம் எங்க எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு அக்கா, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவங்க. மழை மாசத்துல இடுப்புல கட்டுற படங்கு நாள் முழுக்க ஈரம், கயிறு இறுக்குற இடத்துல ஆரம்பிச்ச படர்தாமரை இப்ப தொடை வரைக்கும் வந்துடுச்சு, ராத்திரி தூக்கமில்லாம அடுப்புகிட்ட உக்காந்து சொறிஞ்சிட்டே இருக்காங்க, பிள்ளைங்களுக்கும் ஒட்டிக்கிச்சு. மருந்து சாப்பிடாம இல்லைங்க. ஒரே கவர்ல இட்ராகொனசோல் கேப்சூலும் கேஸ் மாத்திரையும் போட்டு, ரெண்டையும் காலைல வெறும் வயித்துல முழுங்குங்கனு சொல்லி அனுப்பிருக்காங்க. பி.ஃபார்ம் படிச்ச எனக்கு அதைக் கேட்டதும் பத்திக்கிட்டு வந்துச்சு. இட்ராகொனசோல் தண்ணில கரையாது, வயித்து ஆசிட்லதான் ஏதோ கொஞ்சம் கரையும், அதான் கேப்சூலை சாப்பாட்டோட போடச் சொல்றது. பாண்டோபிரசோல்ங்கற அந்த கேஸ் மாத்திரையைக் குடுத்து அந்த ஆசிட்டையும் நிறுத்திட்டா மருந்து எங்க போய் கரையும்?

மிச்சமிருந்த ஒரு கேப்சூலைப் பிரிச்சு தட்டுல கொட்டினேன். ஜவ்வரிசி மாதிரி உருண்டைங்க, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. சர்க்கரை உருண்டை மேல மருந்தைப் பூசித்தான் இதைச் செய்றாங்க, உருண்டை பொடிசா நிறைய இருந்தா நல்லா கரையும், பெருசா கம்மியா இருந்தா சரியா கரையாது. லேபிள்ல ரெண்டுமே 100 மி.கி. தான்.

கரையாத வகை மருந்துக்கு லைசன்ஸ் கேட்டா பயோஈக்விவலன்ஸ் ரிப்போர்ட், அதாவது ஒரிஜினல் மருந்து அளவுக்கே ரத்தத்துல சேருதுன்னு காட்டுற ரிப்போர்ட், குடுக்கணும்னு 2017லயே ரூல் வந்தாச்சு. அதுக்கு முன்னாடி லைசன்ஸ் வாங்கின கம்பெனிகிட்டயும் கேளுங்களேன், காசு குடுக்குறது நீங்கதானே. ஊட்டி ஏறுற டூரிஸ்ட் காருக்கு 2024ல இருந்து ஈ-பாஸ் கேக்குது கவர்மெண்ட், ரத்தத்துல ஏற வேண்டிய மருந்து ஏறுச்சான்னு கேக்கத்தான் ஆளில்ல. இதுல கடைக்குக் கடை ஸ்டீராய்டு கலந்த க்ரீம் வேற டாக்டர் சீட்டே இல்லாம விக்குது, அதைத் தடவித் தடவி நோயை வளத்துட்டு வர்றாங்க, அதைப் பேச ஆரம்பிச்சா இந்த மடல் முடியாது.

சுபா-இட்ராகொனசோல்னு ஒண்ணு நம்ம நாட்டுலயே கிடைக்குது. மருந்தைப் பாலிமருக்குள்ள பரப்பி, வயித்தைத் தாண்டி குடல்ல கரையுற மாதிரி பண்ணிருக்காங்க, 50 மி.கி.யே பழைய 100க்கு சமம், கேஸ் மாத்திரை போட்டாலும் பெருசா பாதிக்காது. விலை கூடத்தான். ஆனா கரையாத மருந்தை மாசக்கணக்கா வாங்கிக் குடுக்குறது எந்தக் கணக்குல மலிவுன்னு சொல்லுங்க.

கோவமா எழுதிருந்தா மன்னிச்சுக்கோங்க சார், மேடம். அடுத்த டெண்டர்ல மில்லிகிராமோட நிக்காம, ரத்தத்துல எவ்ளோ சேருதுங்கற ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்க. அதுவரைக்கும் கவர் மேல தமிழ்ல, சாப்பிட்ட உடனே போடவும், கேஸ் மாத்திரை கூட சேர்க்க வேண்டாம்னு ஒரு சீலாவது குத்தி அனுப்புங்கனு பணிவா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு
கோத்தகிரி எஸ்டேட் லைன்ல இருந்து ஒருத்தன்